ஆறு விரல், ஒரு நிமிஷம்

முதியோர் பகல்நேரக் காப்பகத்துல பாட்டியைச் சேர்க்கும்போது நாம சாப்பாடு, ஏசி, வேன் பத்தியெல்லாம் விசாரிப்போம். நான் முதல்ல கேட்கச் சொல்றது: "காலை யார் பார்ப்பாங்க?"

பல வருஷமா சுகர் இருந்தா பாத நரம்பு மரத்துப்போகலாம். சர்வர் டவுன், ஆனா அலர்ட் வராது; அந்த மாதிரி. செருப்புக்குள்ள கல் கிடந்தாலும், வெயில்ல காய்ஞ்ச தரை சுட்டுக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. புண் சீழ் பிடிச்ச பிறகுதான் வீட்டுக்கே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேணாம். இங்கிலாந்துல உருவான 'இப்ஸ்விச் டச் டெஸ்ட்' போதும். கண்ணை மூடச் சொல்லிட்டு, ரெண்டு கால்லயும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை ஆள்காட்டி விரலால ஓரிரு வினாடி லேசாத் தொடணும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஆறுல ரெண்டு இடம் தெரியலைன்னாலே டாக்டர்கிட்ட காட்டணும்.

மத்தபடி நகத்தை நேரா வெட்டணும், விரல் இடுக்கைத் துடைக்கணும். கார்ன் கேப் மட்டும் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஆசிட் நல்ல தோலையும் அரிச்சிடும்.

பல காப்பகங்கள்ல செருப்பை வாசல்லயே விடச் சொல்வாங்க. அங்கதான் நான் சண்டை போடுவேன். உள்ளே போட்டுக்கத் தனியா ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பு கொடுத்தனுப்புங்க. "கூடத்துல செருப்பா?"ன்னு பாட்டியே முதல்ல முறைப்பாங்க.