காரில் கேமரா: ஆடாத வீடியோ எடுப்பது எப்படி?

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலைக்குக் காரில் போகும் பலர், முன் கண்ணாடியில் மொபைலைப் பொருத்தி வழி முழுக்க வீடியோ எடுக்கிறார்கள். மொபைலின் சிறிய திரையில் அது நன்றாகத்தான் தெரியும். வீட்டிற்கு வந்து கம்ப்யூட்டர் மானிட்டரில் போட்டுப் பார்த்தால் தலை சுற்றும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இதை எளிதாகச் சரி செய்யலாம்.

ஏன் ஆடுகிறது?

காரில் இரு வகை ஆட்டம் உண்டு. ஒன்று, மேடு பள்ளத்தில் கார் குலுங்குவது. மற்றொன்று, இன்ஜினாலும் சக்கரங்களாலும் வினாடிக்குப் பல முறை ஏற்படும் சிறு அதிர்வு. குலுக்கலைச் சாப்ட்வேர் பெருமளவு குறைத்துவிடும். அதிர்வை அப்படிக் குறைக்க முடியாது. மொபைல் கேமரா ஒரு பிரேம் முழுவதையும் ஒரே சமயத்தில் பதிவு செய்வதில்லை. வரி வரியாகப் பதிவு செய்கிறது. அந்த இடைவெளியில் கேமரா அதிர்ந்தால், நேரான மின்கம்பம் கூட ஜெல்லி போல நெளியும். இதற்கு ரோலிங் ஷட்டர் என்று பெயர். எனவே அதிர்வைப் பொருத்தும்போதே தடுக்க வேண்டும். குலுக்கலைக் கம்ப்யூட்டரில் பார்த்துக் கொள்ளலாம்.

பொருத்தும்போது கவனிக்க

1. ரப்பர் கப் வைத்த ஸ்டாண்டை, நன்றாகத் துடைத்துக் காய்ந்த கண்ணாடியில் ஒட்டவும். ஸ்டாண்டின் கை குட்டையாக இருக்கட்டும். கை நீளமானால் தூண்டில் கழியின் நுனி போல மொபைல் ஆடும்.

2. ஸ்டாண்ட் டிரைவரின் பார்வையை மறைக்கக் கூடாது. பதிவைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும்.

3. ஜூம் செய்ய வேண்டாம். ஜூம் செய்தால் சிறு ஆட்டமும் பெரிதாகத் தெரியும்.

4. தூரத்து மலை மீது போகஸ் வைத்து லாக் செய்யவும். இல்லாவிட்டால் கண்ணாடியில் உள்ள தூசி மீது போகஸ் போய்விடும்.

5. டாஷ்போர்டு மீது கறுப்புத் துணி விரித்தால் கண்ணாடியில் அதன் பிரதிபலிப்பு விழாது.

6. மொபைலில் ஸ்டெபிலைசேஷன் வசதி இருந்தால், பானெட்டும் டாஷ்போர்டும் படத்தில் வராதபடி கேமராவைச் சற்று உயர்த்தவும். இவை கேமராவுடன் சேர்ந்தே ஆடுபவை. வெளிக்காட்சியை நிலைநிறுத்தினால் இவை தள்ளாடுவது போலத் தெரியும்.

மோட்டார் சைக்கிளில் செல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவின் திறனைக் குறைக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்தது. ஹேண்டில்பாரில் மொபைலை நேரடியாகப் பொருத்தாதீர்கள்.

கம்ப்யூட்டரில் சரி செய்ய

1080பி அளவில், வினாடிக்கு 17 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு நிமிட வீடியோ சுமார் 130 எம்பி பிடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. முதலில் ஹார்ட் டிஸ்க்கில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஷாட்கட் என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யவும். வீடியோவைத் திறந்து, பில்டர்ஸ் பகுதியில் உள்ள பிளஸ் குறியை அழுத்தி, வீடியோ பில்டர்களில் ஸ்டெபிலைஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின்னர் அனலைஸ் பட்டனை அழுத்தவும். நீண்ட வீடியோவுக்கு நேரம் பிடிக்கும், பொறுமை தேவை. முதலில் ஒரு நிமிடத் துண்டில் சோதித்துப் பார்ப்பது நல்லது. திருப்தியானால் எக்ஸ்போர்ட் செய்யவும்.

இந்த பில்டர், ஒரு பிரேமை அடுத்த பிரேமுடன் ஒப்பிட்டு, படம் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. பின் அதை எதிர்த்திசையில் நகர்த்துகிறது. அப்போது ஓரங்களில் வெற்றிடம் வரும். அதை மறைக்கப் படம் சற்றுப் பெரிதாக்கப்படும், ஓரம் வெட்டுப்படும். அதனால் எடுக்கும்போதே ஓரங்களில் கொஞ்சம் இடம் விட்டு எடுங்கள். மங்கலாகப் பதிவான பிரேமை எந்த சாப்ட்வேரும் முழுதாகக் கூர்மையாக்காது.

ஒரிஜினலை அழிக்காதீர்கள்

கல்வராயன் மலைவாழ் மக்களின் நிலை குறித்து 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தது. சாலை வசதியும் அதில் பேசப்பட்டது. உங்கள் ஊர்ச் சாலையின் நிலையைக் காட்ட வீடியோ எடுத்து மனுவுடன் தருவதாக இருந்தால், ஸ்டெபிலைஸ் செய்ததைத் தர வேண்டாம். கார் குலுங்குவதை சாப்ட்வேர் நீக்கிவிடுவதால், குண்டும் குழியுமான பாதையும் தார் போட்ட நல்ல சாலை போலத் தோன்றும். ஆம்புலன்சில் நோயாளி படும் அவஸ்தை பார்ப்பவருக்குத் தெரியாமலே போய்விடும்.

இப்படிப்பட்ட வீடியோவுக்கு மொபைலில் உள்ள ஸ்டெபிலைசேஷனையும் ஆப் செய்துவிட்டு எடுக்கவும். பெரிய பள்ளங்கள் அருகே காரை ஓரமாக நிறுத்தி, ஒரு அடி ஸ்கேல் வைத்துப் போட்டோவும் எடுத்துக் கொள்ளுங்கள்.

குடும்பத்தாருக்குக் காட்ட ஒன்று, ஒரிஜினல் ஒன்று என இரண்டு போல்டர்களில் தேதியுடன் சேமித்து வையுங்கள்.