வீட்டுக் கணினியும் வெளிவாயிலும்

நூல் வணிகக் கணக்கு முழுவதையும் வீட்டுக் கணினியிலேயே வைத்திருக்கும் அன்பர் ஒருவர், சரக்கு சேவை வரி விவரத்தை அனுப்பவேண்டிய 20-ஆம் தேதி மாலையில் நம்மை அவசரமாக அழைத்தார். அன்று காலையில்தான் அவர் இல்லத்தில் பழைய ரௌட்டரை எடுத்துவிட்டுப் புதியதொன்றைப் பொருத்திச் சென்றிருந்தனர். கைப்பேசிகளில் இணையம் தடையின்றி வருகின்றது. கணினியிலிருந்து அடுத்த அறை அச்சுப்பொறிக்கு அனுப்பினால் தாள் அச்சாகின்றது. ஆயின் கணினியில் வரித் தளம் திறக்கவில்லை. வேறெந்தத் தளமும் திறக்கவில்லை. இயந்திரம் பழுதுற்றதென்று கருதி, கடைக்குக் கொண்டுபோக அதனைக் கட்டியும் வைத்துவிட்டார்.

பழுது இயந்திரத்தில் இல்லை. கணினியின் எண்முகவரி 192.168.1.20. அதனுடன் 255.255.255.0 என்னும் 'சப்நெட் மாஸ்க்' எழுதப்பட்டிருந்தது. முதல் மூன்று எண்கள் ஒத்த முகவரிகள் யாவும் ஒரே தெரு என்பதே இதன் பொருள். அச்சுப்பொறி 192.168.1.30, அதே தெரு. ஆதலின் கணினி அதனிடம் நேரே கொண்டு கொடுத்துவிடும். தெருவுக்கு அப்பாற்பட்ட முகவரியாயின், கணினி தானே வழி தேடுவதில்லை. 'டீஃபால்ட் கேட்வே' என்று குறிக்கப்பட்ட முகவரியிடம் ஒப்படைத்துவிடும். தபால்பெட்டியில் கடிதத்தை இட்டுவிட்டுத் திரும்புவது போன்றது இது. (நம்மிற் பலர் கடமையை முடித்துக்கொள்ளும் முறையும் இதுதானே!)

பழைய ரௌட்டரின் முகவரி 192.168.1.1, புதியதன் முகவரி 192.168.1.254. கைப்பேசிகள் டி.எச்.சி.பி. முறைப்படி புதிய எண்ணை ரௌட்டரிடமே கேட்டுப் பெற்றுக்கொண்டன. கணினிக்கோ முன்னொரு காலத்தில் எவரோ கையால் எழுதிவைத்த பழைய எண்ணே நின்றது. பெயர்த்தெடுத்த தபால்பெட்டி இருந்த இடத்தில் அது நாள் முழுதும் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது!

கட்டவிழ்த்து, விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் 'ஐபிகான்ஃபிக்' என்று தட்டச்சிட்டோம். அது காட்டிய கேட்வே எண்ணையும், கைப்பேசியின் வைஃபை விவரத்தில் கண்ட எண்ணையும் ஒப்பிட்ட அளவில் வேற்றுமை விளங்கிவிட்டது. கேட்வே இருந்த இடத்தில் 192.168.1.254 என்று திருத்தினோம். தளப் பெயர்களை எண்களாக்கித் தரும் டி.என்.எஸ். இடத்திலும் பழைய ரௌட்டரே இருந்தமையால் அதனையும் மாற்றினோம். கேட்வேயை மட்டும் திருத்தியிருப்பின் பெயர் சொல்லி எத்தளத்தையும் அடைந்திருக்க இயலாது.

ஒன்றை அன்பர்கள் கருத்தில் கொள்க. கேட்வே கணினியின் தெருவிலேயே இருத்தல் வேண்டும். புதிய ரௌட்டர் 192.168.0.1 என்று வந்திருப்பின், கேட்வேயை மட்டும் மாற்றிப் பயனில்லை. வேற்றுத் தெருவின் பெட்டியைக் கணினி எட்டாது. அந்நிலையில் முகவரியையும் தானாகப் பெறும்படி விட்டுவிடுதலே எளிது. அச்சுப்பொறியும் கையால் எண் எழுதப்பட்டதாயின் அதனையும் உடன் மாற்றவேண்டும்.

இரவு ஒன்பது மணிக்குள் வரி விவரம் சென்று சேர்ந்தது. சுவரில் ஒட்டியிருந்த பழைய எண்ணை அன்பர் அடித்துவிட்டு, புதியதைத் தேதியுடன் எழுதினார்.