உயரத்தை நிறுத்தும் உப்பு

கோதுமை செழித்து விளைவதே சில நேரம் அதற்கு வினையாகிறது. தழைச்சத்து மிகுந்தால் தண்டு நெடுநெடுவென்று உயரும், கதிரும் கனக்கும். அறுவடை நெருங்கும்போது ஒரு மழையும் காற்றும் வந்தால் வயலே படுத்துவிடும். சாய்ந்த பயிரை இயந்திரம் சரியாக அறுக்காது. ஈரத்தில் கிடக்கும் கதிரிலேயே மணிகள் முளைவிடும். கோடையிலும் மழை பெய்யும் மேற்கு ஐரோப்பாவில் இது பெருங்கவலை.

இதற்காக அங்கே 1960-களிலிருந்து தெளிக்கப்படுவது குளோர்மெகுவாட் குளோரைடு என்ற உப்பு. பயிரைக் குட்டையாக்கும் அதன் ஆற்றலை 1960-இல் அறிவித்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோல்பர்ட். முட்டையின் மஞ்சள் கருவில் கோலின் என்றொரு சத்து உண்டு. அதன் ஒரு முனையில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்திருக்கும். அவற்றை எடுத்துவிட்டு ஒரு குளோரின் அணுவை வைத்தால் குளோர்மெகுவாட்! இவ்வளவு சிறிய மாற்றம் ஒரு பயிரின் உயரத்தையே தீர்மானிப்பதை நினைக்க நினைக்க வியப்பு அடங்குவதில்லை.

அது கைவைப்பது ஜிப்ரெல்லின் என்ற ஹார்மோனில். அந்த ஹார்மோன் நமக்குத் தெரியவந்ததே ஒரு நெல் நோயால்தான். நோய் கண்ட நாற்று வெளிறி, மட்டுமீறி வளர்ந்து, சாய்ந்து மடியும். நோய்ப்பூஞ்சையை வடித்தெடுத்த பின், மிஞ்சிய நீரே நாற்றை அப்படி வளர்ப்பதை 1926-இல் தைவானில் குரோசாவா காட்டினார். அந்தப் பொருளுக்கு ஜிப்ரெல்லின் என்று 1935-இல் பெயரிட்டவர் ஜப்பானின் யாபுதா. பயிர்களும் அதைத் தாமே சுரக்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது. கணுக்களுக்கு இடையே செல்கள் நீள்வது அதனால்தான். குளோர்மெகுவாட் அந்தச் சுரப்பின் தொடக்கத்திலேயே ஒரு நொதியைத் தடுக்கிறது. எனவே தண்டு நீளத் தொடங்கும்போதே தெளித்துவிட வேண்டும். நீண்ட தண்டை எதனாலும் சுருக்க முடியாது.

நம் வயல்களில் விளைந்த ஐ.ஆர்.8 நெல் குட்டையாக இருந்ததற்கும் ஜிப்ரெல்லின் குறைவே காரணம். அதைச் செய்யும் ஒரு நொதிக்கான மரபணு அந்நெல்லில் பழுதுபட்டிருப்பது 2002-இல் கண்டறியப்பட்டது. மருந்து செய்வதை அங்கே விதையே செய்திருக்கிறது.

தெளித்த தானியத்தில் இந்த உப்பின் எச்சம் தங்குகிறது. மனிதரின் சிறுநீரிலும் தென்பட்டிருக்கிறது. பெரும்பகுதி ஒரு நாளுக்குள் வெளியேறிவிடும் என்றாலும், தினமும் உண்பவர் உடலுக்குள் அது தினமும் போகிறது. சாயாத குட்டை ரகமும் அளவான தழைச்சத்தும் போதுமான வயலில் இதைத் தெளிக்கவே கூடாது.