சித்தியின் மடிக்கணினி

ஐயப்பன்தாங்கலில் எங்கள் பக்கத்து வீட்டு மேசையில் இரண்டு மடிக்கணினிகள் இருக்கின்றன. இரண்டும் அரசு கொடுத்தவை. ஒன்று, அந்த வீட்டுப் பையனின் சித்தி 2012-இல் பிளஸ் டூ படித்தபோது பெற்றது. மற்றொன்று, கல்லூரியில் படிக்கும் அந்தப் பையனுக்கு இந்த ஆண்டு வந்தது. "பழசைக் காயலான் கடையில போட்டுடவா சார்? திறக்கவே மாட்டேங்குது" என்றார் பையனின் அம்மா. வேண்டாம் என்றேன்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கியது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த அந்த முதல் தலைமுறைக் கணினியில் 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். இன்றைய கணினியில் ராம் 8 ஜிபி. சேமிப்பிடமோ 256 ஜிபிதான், குறைந்திருக்கிறது! ஆனாலும் புதியது பறக்கிறது, பழையது தவழ்கிறது. காரணம் பிராசசர்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பிராசசரும் முன்னேறியிருக்கிறது, சூடும் குறைந்திருக்கிறது. ஆனால் அன்றாட வேலையில் நாம் உணரும் வேகத்துக்குப் பெரிய காரணம் அந்தச் சேமிப்பிடமே.

ஹார்டு டிஸ்க்குக்குள் இசைத்தட்டைப் போல ஒரு தட்டு சுழல்கிறது, மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை. அதாவது நொடிக்கு 90 சுற்று. தட்டைத் தொடாமல் மிதக்கும் ஒரு தலை, வேண்டிய தடத்துக்கு நகர வேண்டும். பிறகு வேண்டிய இடம் சுழன்று தன் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். சராசரியாக அரைச் சுற்று, சுமார் 5.5 மில்லி நொடி. நகரும் நேரத்தையும் சேர்த்தால் நொடிக்கு அறுபது, எழுபது இடங்களைத்தான் எட்ட முடியும். கணினி திறக்கும்போது சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்க வேண்டுமே! புதிய கணினியில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இருக்கும் எஸ்எஸ்டியில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. நுண்ணிய அறைகளில் சிறைப்பட்ட எலக்ட்ரான்களே தகவல். மின்சமிக்ஞை நேராக அந்த அறைக்குப் போகிறது. நொடிக்குப் பல்லாயிரம் இடங்கள்.

பழைய கணினியின் சிறப்பு, அதைத் திறக்கலாம் என்பது. அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்றி, ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில் சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தினோம். ராமும் கொஞ்சம் கூட்டினோம். இன்றைய மெல்லிய கணினிகள் பலவற்றில் ராம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கூட்ட வழியில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் மாற்றம்.

விண்டோஸ் 11 இந்தப் பழைய பிராசசரை ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எனவே லினக்ஸ் போட்டோம். இப்போது பள்ளிக்குப் போகும் பையனின் தங்கை அதில் தமிழில் தட்டச்சுப் பழகுகிறாள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று கிடந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாதீர்கள். குத்தாமல், அழுத்தாமல், மின்கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படையுங்கள்.