குளிர்ந்த நீரில் முதல் நிமிடம்

இமய நதிகளில் துடுப்புப் பிடிக்க வருபவர்களுக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது துடுப்பு வித்தை அல்ல. மூச்சை அடக்கியாளும் வித்தை.

ரிஷிகேசத்துக்குச் சற்று மேலே உள்ள சிவ்புரி. ராஃப்டிங் பருவத்தின் வார இறுதிகளில் இங்கே கங்கைக் கரையில் ரப்பர் படகுகள் வரிசை கட்டுகின்றன. தில்லியிலிருந்து இரவு பஸ் பிடித்து வந்த கல்லூரி மாணவர்கள், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்கள், புதுமணத் தம்பதிகள். ஹெல்மெட்டும் லைஃப் ஜாக்கெட்டும் மாட்டியதும் கைடு வகுப்பைத் தொடங்குகிறார். முன்னால் துடுப்புப் போடு, பின்னால் போடு, நிறுத்து, குனிந்து உட்கார். தவறி விழுந்தால் மல்லாந்து படுத்து, கால்களை நீரோட்டத்தின் திசையில் நீட்டி மித. சில நிமிடங்களில் பாடம் முடிந்து படகு நகர்கிறது.

இந்த மாதிரி வகுப்புகளில் ஒற்றை வரியோடு கடந்துபோகும் விஷயம் ஒன்று உண்டு: தண்ணீரின் குளிர். 'கொஞ்சம் சில்லென்று இருக்கும்' என்பதோடு சரி. கரையில் மே மாத வெயில் கொளுத்தும்போது குளிரைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள்? ஆனால் தேவப்ரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கூடிப் பிறக்கும் இந்த நதி பனியாறுகளின் வாரிசு. கரையில் அடிக்கும் வெயிலை அது லட்சியம் செய்வதில்லை. ஊர்க் கிணற்றிலும் வங்கக் கடலிலும் நீந்தி வளர்ந்தவருக்குக்கூட இந்தத் தண்ணீர் புதிது. நீச்சல் தெரியும் என்ற தைரியம் இங்கே பாதி தூரம்தான் கை கொடுக்கும்.

கொல்வது எது?

குளிர்ந்த நீரில் விழுந்தவர் உடல் விறைத்துச் சாகிறார் என்பது பொதுவான நம்பிக்கை. பல சாவுகளில் விறைப்பதற்கு நேரமே இருப்பதில்லை. பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக உடலியல் விஞ்ஞானி மைக் டிப்டன் பல ஆண்டுகளாக ஆராய்ந்து சொல்லிவருவது இதைத்தான். தோல் திடீரெனக் குளிர்ந்ததும் உடல் நம் அனுமதியைக் கேட்காமலே ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்தக் கணத்தில் முகம் நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குப் போவது காற்றல்ல, தண்ணீர். அடுத்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகின்றன. கரையில் ஒரு நிமிடம் மூச்சடக்கக்கூடியவருக்கு இங்கே பத்து விநாடி அடக்குவதே பெரும்பாடு.

விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'குளிர் அதிர்ச்சி'. பனிக்கட்டி மிதக்கும் நீரில்தான் இது வரும் என்றில்லை. நீரின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கும்போதே தலைகாட்டி, 10 முதல் 15 டிகிரிக்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது.

கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோர்டன் கீஸ்பிரெக்ட், தன்னையே பல முறை உறைநீரில் இறக்கிச் சோதித்தவர். அவர் இந்த ஆபத்தை மூன்று எண்களில் அடக்கியிருக்கிறார்: 1-10-1. மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம். கை, கால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம். உடலின் உள்வெப்பம் குறைந்து நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம். ஆளுக்கு ஆள், நீருக்கு நீர் இந்தக் கணக்கு மாறும். ஆனால் வரிசை மாறாது. முதல் நிமிடத்தைத் தாண்டாதவருக்கு மற்ற இரண்டும் கிடையாது.

லைஃப் ஜாக்கெட்டின் அருமை புரிவதும் இங்கேதான். மூச்சு கட்டுக்குள் வரும்வரை முகத்தை நீருக்கு மேலே தாங்கிப் பிடிப்பது அதுதான். விழுந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று படகில் கழற்றி வைத்திருப்பவரின் விரல்கள், அந்த நேரத்தில் ஒரு பக்கிளைக்கூடப் பூட்டாது.

உடலுக்குத்தான் பாடம்

இதையெல்லாம் கரையில் நின்று சொல்லிக் கொடுத்தால் போதுமா? போதாது. பாடம் ஏற வேண்டியது மூளையில் அல்ல, உடலில். 2 அல்லது 3 நிமிட முழுக்குகள் ஐந்தாறு முறை கிடைத்தாலே குளிர் அதிர்ச்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பழக்கம் பல மாதங்கள் உடலில் தங்கியும் விடுகிறது.

கயாக் கற்றுத்தரும் நல்ல ஆசிரியர்கள் இதைப் படிப்படியாகச் செய்கிறார்கள். முதல் விதி, காற்றைப் பார்த்து அல்ல, தண்ணீரைப் பார்த்து உடுத்துவது. ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் நனைந்தால் பாரம், சூட்டைத் தக்கவைக்காது. வெட்சூட் தோலை ஒட்டி ஒரு மெல்லிய நீர்ப்படலத்தைச் சிறைபிடித்து, உடல் சூட்டிலேயே அதை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். டிரைசூட் தண்ணீரை உள்ளேயே விடாது; ஆனால் அது தனியாகக் கதகதப்புத் தராது, அடியில் கம்பளி உடை வேண்டும். லடாக்கின் சன்ஸ்கார் நதியில் இறங்குபவர்களுக்கு வெட்சூட் வழக்கமாகிவிட்டது. குளிர்காலத்தில் உறைந்து, மனிதர்கள் மேலே நடந்து செல்லும் நதி அது.

இரண்டாவது, உடையைக் கரையோரமாகவே சோதிப்பது. ஒவ்வொரு முறை படகு புறப்படுமுன்னும் ஆழமில்லாத, ஓட்டமில்லாத இடத்தில் இறங்கிப் பார்க்க வேண்டும். தண்ணீர் எங்கே புகுகிறது, ஜாக்கெட் மேலே ஏறித் தாடையை இடிக்கிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, மூச்சு. மெதுவாக இறங்கு. எதையும் செய்யாதே, மித. வெளிமூச்சை நீளமாக விடு. இரைப்பு தணிந்த பிறகே அடுத்த வேலை. பிரிட்டனின் கடல் மீட்பு அமைப்பான ஆர்.என்.எல்.ஐ. 2017 முதல் பொதுமக்களிடம் பிரசாரம் செய்வதும் இதையே: முதலில் மித, பிறகு நீந்து. கொந்தளிக்கும் ஆற்றில் கூடுதலாக ஒரு பாடம் உண்டு: அலையின் பள்ளத்தில் மூச்சை எடு, முகட்டில் வாயை மூடு. மூச்சு வசப்பட்டதும் மிதந்துகொண்டே இருக்கவும் கூடாது. கை கால் ஓயுமுன் படகுக்கோ கரைக்கோ முழு பலத்தோடு நீந்த வேண்டும்.

கங்கையில் இந்தப் பாடத்துக்கு ஒரு வாய்ப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது. நீரோட்டம் அமைதியான இடத்தில் கைடு அனுமதி கொடுக்க, பயணிகள் கூச்சலோடு குதித்து, படகைச் சுற்றியுள்ள கயிற்றைப் பிடித்தபடி மிதப்பது வழக்கம். இன்று அது வேடிக்கை. அதையே பயணத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, குதிப்பதற்குப் பதில் கயிற்றைப் பிடித்து மெல்ல இறங்கச் சொல்லி, ஒரு நிமிடம் மூச்சைக் கவனிக்கச் செய்தால் அதுவே ஒத்திகை. கூடுதல் செலவு ஒரு பைசா இல்லை. இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களை முன்னதாகவே கேட்டறிந்து விலக்கினால் போதும்.

இரண்டு விபத்துகள்

ஒத்திகை இல்லாமல் போனால் என்ன ஆகும்? 1993 மார்ச் 22. இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் எட்டு மாணவர்களும் ஓர் ஆசிரியரும் இரண்டு பயிற்சியாளர்களும் கயாக்கில் கடலுக்குப் போனார்கள். கயாக்குகளில் நீர் புகுந்தது. உதவிக்கு அழைக்க அவசர ஒளிக்குண்டுகள் இல்லை. பல மணி நேரம் குளிர்ந்த கடலில் கிடந்து நான்கு மாணவர்கள் இறந்தனர். மையத்தின் குறைகளைப் பற்றி முன்னாள் பயிற்சியாளர்கள் மாதக்கணக்கில் முன்பே எழுத்தில் எச்சரித்திருந்தது பிறகு வெளிவந்தது. 1994இல் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். 1995இல் சிறார் சாகச மையங்களுக்குத் தனிச் சட்டமே வந்தது.

2011 பிப்ரவரியில் டென்மார்க்கின் பிரெஸ்டோ கடற்கழியில் மாணவர்களும் ஆசிரியர்களுமாகப் 15 பேர் துடுப்புப் போட்ட நீண்ட படகு கவிழ்ந்தது. நீரின் வெப்பநிலை 2 டிகிரி. ஓர் ஆசிரியர் இறந்தார். மீட்கப்பட்டபோது ஏழு மாணவர்களின் இதயம் நின்றிருந்தது. மருத்துவர்கள் கைவிடவில்லை. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்துச் சூடேற்றும் இயந்திரத்தின் துணையோடு ஏழு பேரையும் மீட்டார்கள். சிலரிடம் மூளைப் பாதிப்பு தங்கிப்போனாலும் உயிர் மிஞ்சியது.

மீட்பவர்களுக்கு இதில் பாடம் உண்டு. விறைத்துக் கிடப்பவரை இறந்தவர் என்று அவசரப்பட்டு ஒதுக்கக் கூடாது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் மார்பை அழுத்தும் முதலுதவியை ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை நிறுத்தக் கூடாது. நீரிலிருந்து தூக்கும்போது கூடுமானவரை படுக்கை நிலையில் தூக்க வேண்டும். கை காலைத் தேய்த்துச் சூடேற்றுவதும், ஒரு மடக்கு பிராந்தி ஊற்றுவதும் நன்மைக்குப் பதில் கேட்டைத்தான் செய்யும்.

இந்தியாவிலும் விதிகளுக்குக் குறைவில்லை. உத்தராகண்ட் 2014இல் ராஃப்டிங், கயாக் விதிகளை வகுத்தது. 2018 ஜூனில், முறையான சட்டம் வரும்வரை ராஃப்டிங் உள்ளிட்ட சாகச விளையாட்டுகளை நிறுத்திவைக்கும்படி அந்த மாநில உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு படகுகள் மீண்டும் இறங்கின. லைசென்சும் ஹெல்மெட்டும் ஜாக்கெட்டும் விதியால் வந்துவிடும். முதல் நிமிட மூச்சை மட்டும் யாரும் வாடகைக்குத் தர முடியாது. அதைப் பயணி ஒரு தடவையாவது, ஆபத்தில்லாத நீரில், தானே பழகியிருக்க வேண்டும்.