தோல்வியிலும் தாரதம்யம்

குத்துச் சண்டைக்காரன் தோற்றான் என்று கேட்டவுடனே அவன் கீர்த்தி போயிற்றென முடிவு கட்டுவோரை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். எப்படித் தோற்றான் என்பதே கேள்வி. 1971 மார்ச்சில் நியூயார்க்கில் முகமது அலி, ஜோ பிரேசியரிடம் தோற்றார். பதினைந்தாவது சுற்றில் தாடையில் அடிபட்டு மல்லாந்து வீழ்ந்தவர், உடனே எழுந்து இறுதி மணி வரை போர் புரிந்தார். அத்தோல்வியால் அவர் பெயருக்கு இழுக்கு நேரவில்லை.

பனாமா வீரர் ராபர்டோ டுரானின் கதையோ வேறு. 1980 ஜூனில் மான்ட்ரியலில் சுகர் ரே லெனார்டை வென்று சாம்பியன் பட்டம் பெற்றவர் அவர். நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் லெனார்டு அவரிடம் சிக்காது சுற்றிச் சுற்றி வந்து பரிகாசம் செய்தார். எட்டாவது சுற்றில் டுரான் கையை வீசி, முதுகைத் திருப்பி, சண்டையை விட்டு விலகினார். நடுவர்களின் கணக்கில் அவர் ஓரிரு புள்ளிகளே பின்தங்கியிருந்தார்! வயிற்று வலியென்று கூறிய சமாதானம் எடுபடவில்லை. அதற்கு முன் பெற்றிருந்த 72 வெற்றிகளையும் அந்த ஒரு கணம் மறைத்துவிட்டது.

இது மிகக் கடுமையான தண்டனை என்பதே நமது அபிப்பிராயம். அடி வாங்காத நாற்காலியில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது எளிது. அதே டுரான் 1989-ல், தமது 37-வது வயதில், தம்மினும் பெரிய உடலினரான ஐரான் பார்க்லியுடன் பன்னிரண்டு சுற்றுகளும் நின்று பொருது வென்றார்.