பாவையர் செலுத்திய படகு

'கேம்பிரிட்ஜ் சீனியர்' என்னும் சோதனையின் பெயர், ஒரு காலத்தில் இலங்கையிலே கற்றோர் இல்லங்களில் நன்கு பழகிய பெயராகும். அச் சோதனையை நடத்திய கேம்பிரிட்ஜும், அதன் நெடுநாட் போட்டியாளராகிய ஒக்ஸ்போட்டும் ஏட்டிலே மட்டுமன்றி ஆற்றிலும் பொருதும் பல்கலைக்கழகங்கள். 1829 ஆம் ஆண்டில், தேம்ஸ் நதிக் கரையிலுள்ள ஹென்லி என்னும் ஊரில் இவற்றின் ஆடவர் தொடங்கிய படகுப் போட்டியை உலகம் அறியும். அதே நதியில் பெண்கள் துடுப்பேந்திய வரலாற்றை அறிந்தோர் சிலரே. அது வெறும் விளையாட்டின் வரலாறு அன்று, உரிமையின் வரலாறுமாகும்.

கல்வி உண்டு, பட்டம் இல்லை

கேம்பிரிட்ஜில் மகளிர்க்கென 1869 இல் கேர்ட்டன் கல்லூரியும், 1871 இல் நியூன்ஹாம் கல்லூரியும் தோன்றின. மாணவியர் விரிவுரை கேட்டனர். ஆடவர் எழுதிய சோதனைகளையே தாமும் எழுதித் தேறினர். ஆயினும் பட்டம் மட்டும் மறுக்கப்பட்டது. ஒக்ஸ்போட் 1920 ஆம் ஆண்டிலே மனமிரங்கியது. கேம்பிரிட்ஜோ 1921 இல் வாக்கெடுப்பு நடத்தி, பெண்களைத் தன் முழு உறுப்பினராக ஏற்க மறுத்தது. அவ் வெற்றியைக் கொண்டாடப் புறப்பட்ட ஆண் மாணவர் சிலர் நியூன்ஹாம் கல்லூரியின் வாயிற் கதவைச் சிதைத்தனர் என்றால், அந் நாளைய மனநிலையை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

இத்தகைய சூழலிலேதான், 1927 மார்ச் 15 ஆம் தேதி, நியூன்ஹாம் மாணவியர் கேம்பிரிட்ஜின் பெயரால் படகேறினர். தம்மைத் தன்னவரென ஒப்பாத பல்கலைக்கழகத்தின் புகழுக்காகத் துடுப்பு வலிக்கச் சென்ற அவர்தம் நெஞ்சுரம் வியத்தற்குரியது.

அழகுக்கு ஒரு மதிப்பெண்

ஒக்ஸ்போட் நகரில் தேம்ஸ் நதிக்கு ஐஸிஸ் என்பது பெயர். அங்கே அரை மைல் தூரமே போட்டிக்கென வகுக்கப்பட்டது. இரு படகுகளும் அருகருகே ஓடவில்லை. ஒன்றையொன்று முந்த முயல்வது பெண்மைக்கு அடாது என்று கருதிய காலம் அது. ஆகவே படகுகள் தனித்தனியே சென்றன. வேகத்தோடு, துடுப்பு வீச்சின் ஒழுங்கும் அமைதியும் அழகும் நடுவர்களால் அளக்கப்பட்டன. காலக் கணக்கில் 15 வினாடி முந்திய ஒக்ஸ்போட் மகளிர் வாகை சூடினர்.

கரையிலே பெருங்கூட்டம் திரண்டிருந்தது. அது பகைமை பூண்ட கூட்டம் என்று லண்டன் 'டைம்ஸ்' எழுதிற்று. 'நியூ யோர்க் டைம்ஸ்' பத்திரிகையோ, ஐயாயிரம் பேர் ஆரவாரித்து ஊக்கமளித்தனர் என்றது. காட்சி ஒன்றே, காணும் கண்கள் வேறு!

எண்பத்தெட்டு ஆண்டுகள்

பின்னர் 1930களின் நடுப்பகுதியில் படகுகள் அருகருகே ஓடலாயின. 1948 ஆம் ஆண்டிலே கேம்பிரிட்ஜும் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது. எனினும் மகளிர் போட்டி இடையிடையே நின்று நின்றே நடந்தது. ஆண்டுதோறும் நடைபெறும் வழக்கம் 1964 இலேதான் நிலைபெற்றது.

1977 முதல் அது ஹென்லியில் 2,000 மீற்றர் தூரத்துக்கு நடைபெற்றது. ஆடவரோ லண்டன் மாநகரில் பட்னி முதல் மோட்லேக் வரை, நாலு மைலுக்கு மேற்பட்ட தூரத்தில், கடலிலிருந்து ஏறிவரும் வெள்ளத்தோடு படகோட்டினர். அவர்களுக்குப் பொருளுதவியும் புகழும் குவிந்தன. மாணவியரோ தம் கைப்பணத்தைச் செலவிட்டே பயின்றனர்.

இடையே ஒரு விந்தை நிகழ்ந்தது. துடுப்பு வலிப்போர் எண்மரும் செல்லுந் திசைக்கு முதுகு காட்டியே அமர்வர். வழி காண்பவர் சுக்கான் பிடிக்கும் ஒன்பதாமவரே. 1981 ஆம் ஆண்டில், ஒக்ஸ்போட் ஆடவர் படகின் சுக்கானை சூசன் பிரவுன் என்னும் மங்கை ஏற்றார். ஆடவர் போட்டியில் இடம் பெற்ற முதற் பெண்மணி இவரே. அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் அவர் செலுத்திய படகே வென்றது.

ஈற்றில் 2015 ஏப்ரில் 11 ஆம் தேதி, ஆடவர் போட்டியிட்ட அதே நாளில், அதே நீர்வழியில், அதே தூரத்துக்கு மகளிரும் போட்டியிட்டனர். ஒக்ஸ்போட் ஆறரைப் படகு நீளத்தால் வென்றது. அரை மைலிலிருந்து நாலு மைலை எட்ட எண்பத்தெட்டு ஆண்டுகள் சென்றன!

இத்துணை நீண்ட வழி பெண்களுக்குக் கடிது என்றோர்க்கு, அடுத்த ஆண்டே விடை கிடைத்தது. 2016 இல் நதி சீறியது. கேம்பிரிட்ஜ் மகளிரின் படகினுள் நீர் புகுந்து, அது மூழ்கும் தறுவாய்க்கு வந்தது. வெற்றி கைநழுவியது என்பது ஐயமற விளங்கியும் அவர்கள் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. எல்லையைத் தொட்டே ஓய்ந்தனர். மறு ஆண்டில் 18 நிமிடம் 33 வினாடியில் ஓடிப் புதிய சாதனை நாட்டி வென்றவர்களும் கேம்பிரிட்ஜ் மகளிரே. 2017 தொடக்கம் 2025 வரை நடந்த எட்டுப் போட்டிகளிலும் வெற்றி அவர்கள் பக்கமே நின்றது.

'இது பெண்களுக்கு ஆகாது' என்னும் சொல் எளிதிற் பிறந்துவிடுகிறது. அதனை அழிக்கவோ தலைமுறைகள் வேண்டியுள்ளன. நம் இல்லத்துப் புதல்வியர் ஒன்றை விரும்பிக் கேட்கும்போது, அச் சொல்லை உரைக்குமுன் பெற்றோர் சற்றே சிந்திப்பாராக. 1927 இல் ஐஸிஸ் நதியிலே துடுப்பேந்திய மாணவியர் தாம் தொடங்கிய பயணத்தின் எல்லையைக் கண்டாரல்லர். ஆயினும் வலித்த துடுப்பு வீண்போகவில்லை.